விலாங்கு காய்ச்சியவள்

எட்னா கட்புஷ்ஷின் கையால் காய்ச்சிய விலாங்கு மீனைச் சாப்பிடாதவர்கள் எங்கள் வால்தம்ஸ்டோ சந்தைத் தெருவில் குறைவு. ஆனால் அதை எட்னாவின் விலாங்கு என்று ஒருவரும் சொன்னது கிடையாது. 'சிட் கடை விலாங்கு' என்றுதான் பேர். சிட் அவளுடைய புருஷன்.

'மூன்று மாலுமிகள்' மதுக்கடை வாசலில் சிட்டின் தள்ளுவண்டி நிற்கும். அதற்குப் பக்கத்தில் என் வண்டி. நான் பீங்கான் சாமான் விற்றேன். தட்டு, கோப்பை, லேசாக விளிம்பு உடைந்த தேநீர்க் கூஜா. ஆகவே சிட்டின் வியாபாரத்தைத் தினமும் காது வலிக்கக் கேட்கிற பாக்கியம் எனக்கு இருந்தது.

"வாங்க தாயி, வாங்க! ஜெல்லி ஆடறதப் பாருங்க! சனிக்கிழமை சாயங்காலம் என் மாமியா மதுக்கடையிலேருந்து நடந்து வர்ற மாதிரியே இல்ல?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். எட்னாவின் அம்மா தேவாலயத்தில் பூக்களை அடுக்குகிற மனுஷி. பியரின் வாடைகூட ஆகாது அவருக்கு. அந்தத் தெரு வழியாக அவர் வருவதையே நிறுத்திவிட்டார்.

சிட் பார்க்க நன்றாக இருப்பான். வெள்ளை மேலங்கி, வைக்கோல் தொப்பி, சவரம் செய்த மோவாய். கிண்ணத்தில் விலாங்குத் துண்டுகளை ஜெல்லியோடு அள்ளிப் போட்டு, மிளகாய் ஊறிய வினிகரைச் சுழற்றி ஊற்றி, வெள்ளை மிளகுத்தூளைத் தூவிக் கொடுப்பதைப் பார்த்தால் ஏதோ வித்தை காட்டுகிறவன் போல் இருக்கும். வாடிக்கையாளர்கள் நின்றபடியே சாப்பிட்டு, முள்ளைத் தெருவில் துப்பிவிட்டு, "சிட்டோட கை யாருக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

சிட்டின் கை உயிர் மீனைத் தொட்டதே இல்லை. அதிகாலையில் பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையிலிருந்து உயிர் விலாங்குப் பெட்டிகளைக் கொண்டுவந்து பின்கட்டில் இறக்குவதோடு அவன் வேலை சரி. உப்பைக் கையில் அப்பிக்கொண்டு, வழுக்கும் மீனைப் பிடித்து, தலைக்குப் பின்னால் ஒரே வெட்டாக வெட்டுவது எட்னா. குடல் எடுத்து அலசுவது எட்னா. துணி வெளுக்கிற செப்பு அண்டாவில் வினிகரும் வெங்காயமும் பிரிஞ்சி இலையும் மிளகும் போட்டு, தண்ணீர் கொதிக்காமல் முணுமுணுக்கிற பதத்திலேயே வைத்துக் காய்ச்சுவதும் எட்னா. கொஞ்சம் அசந்தால் சதை உதிர்ந்து குழம்பு கலங்கிவிடும். அதை வெள்ளைத் தொட்டிகளில் ஊற்றிவைத்தால் தோலிலும் முள்ளிலும் இருக்கிற பசையிலேயே அது உறைந்து கண்ணாடி மாதிரி ஆகும். ஹெர்ரிங் மீனை வெங்காயத்தைச் சுற்றிச் சுருட்டி, குச்சி குத்தி, வினிகர் ஜாடியில் ஊறப்போடுவதும் அவள்தான். அவளுடைய துணிமணி, தலைமுடி, ஞாயிற்றுக்கிழமை கோட்டு எல்லாவற்றிலும் அந்த வாடை இருக்கும். சிட்டின் மேல் சவரச் சோப்பு வாசனைதான் வரும்.

இதில் எட்னாவுக்கு அப்போது வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. குட்டையான, அகன்ற தோள்களுள்ள, பேச்சுக் குறைந்த பெண் அவள். நாலு பேர் முன்னால் நின்றால் கழுத்து சிவந்துபோகும். "அவன் பேசுவான், நான் காய்ச்சுவேன், ரெண்டும் சேர்ந்தாத்தானே கடை" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

கடை ஜன்னல்களில் டெலிவிஷன் பெட்டி வைக்க ஆரம்பித்திருந்த காலம் அது. அந்த வசந்தத்தில் சிட் ஓடிப்போனான். தொப்பி விற்ற ரீட்டாவோடு சவுத்எண்ட் கடற்கரைக்குப் போய்விட்டான். வண்டியை விட்டுவிட்டான், அண்டாவை விட்டுவிட்டான், பெண்டாட்டியை விட்டுவிட்டான். 'சிட்டின் விலாங்கு' என்று தங்க எழுத்தில் எழுதிய பலகையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போனான்.

எட்னா இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் தானே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வழக்கமான இடத்தில் நிறுத்தினாள். தொட்டிகளை அடுக்கினாள். கழுத்து செக்கச் சிவப்பாக இருந்தது.

"மேவிஸ், நான் ஒண்ணும் கத்தப் போறதில்ல. மீன் நல்லா இருக்கு. சாப்புடறவங்க வந்து சாப்புடட்டும்" என்றாள் என்னிடம்.

முதலில் வந்தது பார்ஜர் அம்மா. எங்கள் தெருவில் அவர் வாயிலிருந்து வருவதுதான் தீர்ப்பு. பெரிய உடம்பு, சின்னத் தொப்பி, கையில் எப்போதும் ஒரு துணிப்பை. அவர் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு வந்து, எட்னாவின் தோளைத் தட்டிக்கொடுத்து, ஒரு கிண்ணம் வாங்கினார். ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"பாவம், நீயும் முயற்சி பண்றே கண்ணு. ஆனா சிட்டோடது மாதிரி வரலையே."

"பார்ஜர் அம்மா, இதுதான் சிட்டோடது. எப்பவும் நான்தான் காய்ச்சுவேன்."

பார்ஜர் அம்மா மற்ற பெண்களைப் பார்த்தார். அவர்கள் இவரைப் பார்த்தார்கள். ஒருத்தி நாக்கால் 'த்சு' கொட்டினாள்.

"உன் மனசு எனக்குப் புரியுதும்மா. புருஷன் இப்படிப் பண்ணா யாருக்குத்தான் கோவம் வராது? அதுக்காக அவன் தொழிலைக் குறை சொல்லலாமா?"

"நான் குறை சொல்லல. அண்டா என் வீட்டுப் பின்கட்டுலதான் இருக்கு, வந்து பாருங்க."

"சரிம்மா, சரிம்மா. நீயே செஞ்சேன்னு வச்சுக்குவோம்." பாதிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து இதே கதைதான். "அவன் கைப்பக்குவம் வேற." "அவன் ஏதோ ஒண்ணு சேப்பான், அதை இவகிட்ட சொல்லாம போயிட்டான் போல." "முந்தி ஜெல்லி தெளிவா இருக்கும்." நானும் சத்தியம் பண்ணிச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வண்டிக்காரி, சிநேகிதிக்காகச் சொல்கிறாள் என்று சிரித்துவிட்டார்கள்.

எட்னா முதலில் மிளகைக் கூட்டினாள். "பாத்தியா, மாத்திட்டா" என்றார்கள். மிளகைப் பழையபடி குறைத்தாள். "சப்புன்னு இருக்கு" என்றார்கள். இன்னும் கொழுத்த மீன் வாங்க விடியுமுன்பே தானே பில்லிங்ஸ்கேட்டுக்குப் போனாள். அங்கே பெண்ணுக்குக் கழிசடை மீனைத் தள்ளிவிடப் பார்த்த மொத்த வியாபாரிகளோடு மல்லுக்கட்டி, நல்ல சரக்கைத் தேடி எடுத்து வந்தாள். அந்த வாரத் தொட்டியைப் பார்த்து நானே அசந்துபோனேன். சாயங்காலம் அதில் பாதி அப்படியே இருந்தது.

ஒரு சனிக்கிழமை எனக்கு மறக்காது. கூட்டம் நெருக்கிய நேரம். எட்னா மேலங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, வண்டியின் முன்னால் வந்து நின்றாள்.

"வாங்க... வாங்க தாயி. ஜெல்லி ஆடறதப் பாருங்க. என்... என் மாமியா..."

அவளுடைய மாமியார் போரில் குண்டு விழுந்து செத்துப்போனவர். அது சொல்லும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாய் திறந்தபடி நின்றாள். எதிரே இருந்த கிழங்கு வியாபாரி தலையைக் குனிந்துகொண்டான். யாரோ ஒரு பெண், "ஐயோ பாவம்" என்று சன்னமாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. எட்னா திரும்பிப்போய்க் கிண்ணங்களைக் கழுவ ஆரம்பித்தாள். ஏற்கனவே கழுவி வைத்திருந்த கிண்ணங்கள் அவை.

இப்படி இருந்தபோது அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் ஹவுஸ்கோ. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற, மெலிந்த, மரியாதை தெரிந்த மனிதர். சிட் இருந்தபோது அவர் வந்ததே இல்லை. எட்னா கடைக்கு வந்த பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வந்து, ஒரு பெரிய டப்பா நிறைய விலாங்கு வாங்கிக்கொண்டு போவார். நின்று சாப்பிட மாட்டார்.

"போன வாரத்துது எப்படி இருந்துச்சுங்க?" என்று எட்னா கேட்பாள்.

"பிரமாதம்மா. ஒரு துண்டு மிச்சமில்ல. வேற எங்க வாங்குனாலும் இப்படி வரல."

அவ்வளவுதான் சொல்வார், தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எட்னா அடுத்த வெள்ளி வரை ஓட்டுவாள். நடுத்துண்டுகளாகப் பொறுக்கி, வாலும் நுனியும் வராமல் அவருக்கென்று தனியாக எடுத்துவைப்பாள். "ரசிச்சுச் சாப்புடற மனுஷன் ஒருத்தர் இருந்தா போதும் மேவிஸ்" என்பாள். அவர் பேர் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரிப்பாள்.

கோடை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் லீ ஆற்றங்கரையில் காற்றாட நடந்துகொண்டிருந்தோம். மடைக்குக் கீழே, வில்லோ மர நிழலில் ஒருவர் மடக்கு நாற்காலி போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். ஹவுஸ்கோ. பக்கத்தில் எட்னாவின் டப்பா திறந்திருந்தது. அதிலிருந்து ஒரு நல்ல நடுத்துண்டை எடுத்து, ஜெல்லி உதிராமல் பதமாகத் தூண்டில் முள்ளில் கோத்துக்கொண்டிருந்தார்.

எட்னா அசையாமல் நின்றாள்.

"மிஸ்டர் ஹவுஸ்கோ."

அவர் திடுக்கிட்டு எழுந்தார். தூண்டில் ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம்.

"அம்மா, நீங்களா? நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த வலையைத் தூக்கிப் பாருங்க, எவ்வளவு பெரிய மீன் விழுந்திருக்குன்னு."

"நீங்க இதைச் சாப்புடறதில்லையா?"

"நானா?" அவர் முகம் உண்மையிலேயே குழம்பியது. "எனக்கு விலாங்குன்னாலே குமட்டும்மா. சின்ன வயசுலேருந்தே ஆகாது. ஆனா இந்த ஆத்து மீனுக்கு இருக்கே, ரொட்டி வேணாம், பாலாடைக்கட்டி வேணாம், புழு வேணாம், உங்க விலாங்குதான். சவுத்எண்டுக்குப் போன எங்க தூண்டில் சங்கத்து ஆளு ஒருத்தன் அங்க சிட் விக்கிற விலாங்கை வாங்கிட்டு வந்து போட்டான். ஒண்ணுகூட திரும்பிப் பாக்கல."

அவர் பாராட்டித்தான் பேசினார். மனசார. அது எட்னாவுக்குப் புரியவும் செய்தது, அதனால்தான் அவளால் திட்டவும் முடியவில்லை. "நல்லதுங்க" என்றாள். கரைமேட்டைத் தாண்டிச் சாலைக்கு வந்தாள். அப்புறம் சட்டென்று நின்று, கைப்பையால் வேலிக் கம்பத்தை ஓங்கி அடித்தாள்.

"நடுத்துண்டு! நடுத்துண்டாப் பொறுக்கி எடுத்து வச்சேன்டி அந்த ஆளுக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அதன்பின் வந்தது அவளுடைய அக்கா ஃப்ளோரியின் முறை. ஃப்ளோரி தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தாள். தொழிற்சாலைப் பெண்களெல்லாம் பஸ் பிடித்து சவுத்எண்டுக்கு உல்லாசப் பயணம் போனார்கள். மறுநாள் ஃப்ளோரி ஒரு சின்ன டப்பாவோடு எட்னாவின் கடைக்கு வந்தாள்.

"சிட்டைப் பாத்தேன்டி. பயப்படாத, நான் பேசல, தூரத்துலேருந்துதான் பாத்தேன். என்ன கூட்டம்ங்கிற! அதே பலகை, அதே தொப்பி. எங்க பொண்ணுங்கள்ல ஒருத்தி எனக்கும் வாங்கிக் குடுத்தா. தப்பா நினைக்காத, நல்லா இருந்துச்சு."

எட்னா டப்பாவைத் திறந்தாள். விரலால் ஜெல்லியை அழுத்தினாள். அது ரப்பர் பந்து மாதிரி எதிர்த்தது. ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள், துப்பினாள்.

"இதுவா நல்லா இருக்கு? ஜெலட்டின் பொடியைக் கரைச்சுக் கெட்டியாக்கியிருக்கான். மீன் செத்து எத்தனை நாளாச்சோ. ஃப்ளோரி, நீ என் வீட்டுல பொறந்தவதானே? நான் காய்ச்சினதையே இத்தனை வருஷமா தின்ன நாக்குதானே உனக்கு?"

ஃப்ளோரி டப்பாவை வாங்கி இன்னொரு துண்டைத் தின்று பார்த்தாள். முகம் சுளித்தது.

"ஆமாண்டி, நல்லாத்தான் இல்ல. ஆனா அங்க நல்லா இருந்துச்சு. கடல் காத்து, அவன் வேற ஏதேதோ சொல்லிச் சிரிக்க வச்சான்..."

"என்ன சொன்னான்?"

"அம்மா மதுக்கடையிலேருந்து நடந்து வர்றதைப் பத்தி."

அடுத்த ஞாயிறு எட்னா என்னையும் இழுத்துக்கொண்டு சவுத்எண்டுக்கு ரயிலேறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பையின் வாயைத் திறந்து மூடிக்கொண்டே வந்தாள்.

கடற்கரைச் சாலையில் பலகை தூரத்திலேயே மின்னியது. வரிசை கடல்பாலத்து முனை வரை நீண்டிருந்தது. எட்னா போய் வரிசையில் நின்றாள், நானும் நின்றேன். சிட் கொஞ்சம் சதை போட்டிருந்தான், மற்றபடி அதே சிட். எங்கள் முறை வந்தது.

"என்ன வேணும் கண்ணு, சின்னதா பெருசா—" நிமிர்ந்து பார்த்தான். கரண்டி தொட்டிக்குள்ளேயே நின்றது. "எட்னா."

"பேசணும்."

ரீட்டாவிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு வண்டியின் பின்பக்கம் வந்தான். ரீட்டா எட்னாவைப் பார்த்துத் தலையசைத்தாள், பயந்த பெண். எட்னா கத்துவாள், அடிப்பாள் என்றுதான் சிட் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரு கையை முகத்துக்கு முன்னால் வைத்திருந்தான்.

"ஜெல்லிக்கு என்னய்யா போடறே?" என்றாள் எட்னா.

கை கீழே இறங்கியது. முகம் தொங்கிப்போனது.

"உறைய மாட்டேங்குது எட்னா. சத்தியமா. நீ செஞ்ச மாதிரியேதான் செய்றேன்னு நினைக்கிறேன், கலங்கிப்போயிடுது. பொடி போட்டுத்தான் ஓட்டறேன். வெட்டவும் வரல, மூணு தடவை கையைக் கிழிச்சுக்கிட்டேன். உன் கை எனக்கு வராது. யாருக்கும் வராது." பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நீ அங்க காய்ச்சி ரயில்ல அனுப்பிடேன். நான் இங்க வித்துத் தர்றேன். பழையபடியே."

எட்னாவின் கண்ணில் நீர் திரண்டதை நான் பார்த்தேன். அது அவன்மேல் இருந்த ஆசையினால் அல்ல. அத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒரு மனித வாய் அதைச் சொல்லிக் கேட்டிருந்தாள்.

"இப்ப சொன்னியே, அதை வரிசையில நிக்கிறவங்களுக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

"எதை?"

"நான்தான் காய்ச்சினேன்னு. வால்தம்ஸ்டோவுல நீ வித்ததெல்லாம் என் கைன்னு. இங்க வர்றதுல பாதிப் பேரு நம்ம பக்கத்துலேருந்து வர்றவங்க. சொல்லு. அப்புறம் அனுப்பறதைப் பத்தி யோசிக்கிறேன்."

சிட் தோளைக் குலுக்கினான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனான். எட்னாவின் கையைப் பிடித்து உயர்த்தினான்.

"மகா ஜனங்களே! இதோ நிக்கிறாளே, இவதான் என் சம்சாரம்! நான் வித்த விலாங்கு அத்தனையும் காய்ச்சினவ இவதான்! எனக்கு ஒரு மண்ணும் தெரியாது! ஒரு மீனைக்கூட நான் வெட்டினதில்ல!"

வரிசை மொத்தமும் குலுங்கிச் சிரித்தது. கைதட்டினார்கள். முன்னால் நின்ற ஒரு தடித்த ஆள், "பொண்டாட்டி பக்கத்துல நின்னா நாங்களும் இப்படித்தான்டா சொல்லுவோம்!" என்றான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. ஒரு பெண் ரீட்டாவைக் காட்டி, "அப்ப இது யாரு, மீனா?" என்றாள். சிட்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கூட்டம் சேரச் சேர ரீட்டாவின் கை ஓயவில்லை, தொட்டி காலியாகிக்கொண்டிருந்தது.

"சொல்லிட்டேன்ல?" என்றான் எட்னாவிடம், கையை விரித்து. அவன் ஏமாற்றவில்லை. உள்ளதைத்தான் சொன்னான்.

எட்னா கையை உதறிக்கொண்டு கிளம்பினாள். திரும்பும் ரயிலில், "ஒரு வார்த்தை பொய் இல்லடி. ஒரு வார்த்தை பொய் இல்ல" என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லை.

அந்த வாரம் அவள் கடையோடு அண்டாவையும் தெருவுக்குக் கொண்டுவந்தாள். மண்ணெண்ணெய் அடுப்பு, உயிர் விலாங்குப் பெட்டி, வெட்டுப் பலகை, கத்தி, உப்பு. 'மூன்று மாலுமிகள்' வாசலில் எல்லாவற்றையும் பரப்பினாள். மதுக்கடைக்காரர் என்ன கூத்து இது என்று வெளியே வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"பார்ஜர் அம்மாவைக் கூப்புடு" என்றாள் என்னிடம்.

பார்ஜர் அம்மா வந்தார். அவரோடு பாதித் தெருவும் வந்தது. எட்னா யாரையும் பார்க்கவில்லை. கையில் உப்பை அப்பி, பெட்டிக்குள் விட்டு, புரளுகிற மீனைப் பிடித்தாள். ஒரு வெட்டு. அடுத்தது. அடுத்தது. கத்தி பலகையில் விழுகிற சத்தம் ஒரே சீராக இருந்தது. கிழங்கு வியாபாரி வாயில் வைத்த சிகரெட்டைப் பற்றவைக்காமல் நின்றான். அலசி, துண்டு போட்டு, அண்டாவில் சரித்து, அடுப்பைக் கூட்டிக் குறைத்து, ஆவி முகத்தில் அடிக்க நின்று காய்ச்சினாள். இறக்கித் தொட்டியில் ஊற்றி, மேலே வெள்ளைத் துணியைப் போர்த்தினாள்.

"உங்க கழுத்துத் துண்டைக் குடுங்க பார்ஜர் அம்மா. நீங்களே கட்டுங்க. நீங்களே முடிச்சுப் போடுங்க. தொட்டி மதுக்கடை நிலவறையில இருக்கட்டும். நாளைக்கு நீங்களே வந்து அவுத்து, நீங்களே சாப்புட்டுப் பாத்துச் சொல்லுங்க."

பார்ஜர் அம்மாவுக்கு இந்த மரியாதை பிடித்திருந்தது. கழுத்துத் துண்டை உருவித் தொட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டார்.

மறுநாள் காலையில் முந்தின நாளைவிடக் கூட்டம். தொட்டி மேலே வந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்ஜர் அம்மாவுக்கு நேரமாயிற்று, அவ்வளவு இறுக்கம். துணியை எடுத்தார். ஜெல்லி தெளிவாக, தொட்டி விளிம்பில் லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது. அடியில் கிடந்த ஒவ்வொரு துண்டும் தெரிந்தது. கரண்டியால் எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். மென்றார். எட்னாவின் கழுத்து சிவந்திருந்தது, இரண்டு கையும் மேலங்கியைப் பிடித்திருந்தன.

பார்ஜர் அம்மா கண்ணைத் திறந்தார். அதில் நிஜமான சந்தோஷம்.

"நல்லா இருக்கு கண்ணு! அப்படியே பழைய ருசி! ஒத்துக்கறேன், நீதான் செஞ்சே, என் கண்ணால பாத்தேன்." எல்லோரையும் பார்த்துத் திரும்பினார். "சிட் எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும், போறதுக்கு முந்தி பொண்டாட்டிக்கு நல்லாத்தான்ப்பா கத்துக் குடுத்துட்டுப் போயிருக்கான்."

ஆமாம் ஆமாம் என்றது கூட்டம்.

நான் எட்னாவைப் பார்க்கவே பயந்தேன். அப்புறம் அவள் கரண்டியைத் தூக்கிப் பலகையில் அடித்த அடியில் உப்பு ஜாடி உருண்டு உடைந்தது.

"கத்துக் குடுத்தானா? யாரு, அவனா? விலாங்கு என் கையிலேருந்து வழுக்கி விழுந்தா 'எட்னா எட்னா'ன்னு நாற்காலி மேல ஏறி நின்னு அலறுன ஆளு! பிரிஞ்சி இலைக்கும் வில்லோ மரத்து இலைக்கும் வித்தியாசம் தெரியாது அவனுக்கு! வெங்காயம் உரின்னா தோலை வச்சுக்கிட்டு வெங்காயத்தைத் தூக்கிப் போட்டுட்டு வருவான்! இருவது வருஷமா என் கையில தின்னுட்டு அவன் வாயைப் பாத்துக்கிட்டு நின்னீங்களே, உங்க நாக்கெல்லாம் காதுலயா இருக்கு? பார்ஜர் அம்மா, உங்களுக்குத் தொப்பிதான் சின்னதுன்னு நினைச்சேன்! ஏய், கிழங்குக்காரா, என்னய்யா பல்லைக் காட்டறே? உன் கிழங்கைவிட நீதான் வேகாம இருக்கே! வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லன்னா நகருங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க!"

தெருவே சிரிப்பில் வெடித்தது. கிழங்கு வியாபாரி வண்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். பார்ஜர் அம்மா தன் சின்னத் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இன்னும் சொல்லு எட்னா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். கைகள் நீண்டன. கிண்ணம் கொடு, எனக்கொன்று, எனக்குப் பெரியது. அந்தத் தொட்டி மத்தியானத்துக்குள் காலியானது.

அப்படித்தான் கடை எழுந்தது. அதற்கப்புறம் எட்னாவிடம் திட்டு வாங்குவதற்கென்றே ஹாக்னியிலிருந்தும் டாட்டன்ஹாமிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இளைஞர்கள் தங்கள் காதலிகளைக் கூட்டிவந்து, வேண்டுமென்றே, "இது சிட் கடைதானே?" என்று கேட்பார்கள். எட்னா கரண்டியைத் தூக்குவாள். அவர்கள் விலாவில் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இரண்டு கிண்ணம் வாங்கித் தின்பார்கள். எதைத் தின்கிறோம் என்று பார்த்தார்களா என்பது எனக்குத் தெரியாது.

வண்டிக்குப் புது வர்ணம் அடித்தாள். பின்கட்டுக்குக் கூரை போட்டாள். சிட் ஆள் அனுப்பி இரண்டு முறை விலாங்கு கேட்டான், கொடுக்கவில்லை. ஹவுஸ்கோ வழக்கம்போல வெள்ளிக்கிழமைதோறும் வந்தார். அவருக்கு மட்டும் திட்டு கிடையாது, வால் துண்டுகள் கிடைத்தன.

ஒரு நாள் கடை எடுத்துவைத்த பிறகு, மதுக்கடைப் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். தொண்டை கட்டிப்போயிருந்தது அவளுக்கு. கையிலிருந்த உப்பு வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மேவிஸ், நான் விளையாட்டுக்குத் திட்டலடி. நெசமாவே திட்டறேன். ஒவ்வொரு தடவையும் வயித்தெரிச்சலோடதான் திட்டறேன்."

"எனக்குத் தெரியும்."

"நாளைக்கு யாராவது ஒருத்தர்கிட்டயாவது அதைச் சொல்லேன்."

மறுநாள் சொன்னேன். பார்ஜர் அம்மாவிடமே சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், "நீயும் நல்லாப் பேசக் கத்துக்கிட்டேடி மேவிஸ்" என்று சொல்லி இரண்டு தட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பக்கம் எட்னா ஒரு கசாப்புக்காரனைப் பிடித்துத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.